வில் தளர்ந்த ரிவால்வர்

எங்கள் வீட்டில் சீக்கு வராத ஒரே ஆள் அந்த ரிவால்வர்தான். மாமனார் காலத்துச் சாமான். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிப்பணம் கொண்டுபோகும்போது என் வீட்டுக்காரர் ஜெபமணி இடுப்பில் செருகிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுவார். ஒரு காட்டுப்பூனையைக்கூடச் சுட்டதில்லை. ஆனாலும் மாதாமாதம் அதற்குச் சீராட்டு உண்டு. வேர்வை பட்டால் துருவேறும் என்று துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடவேண்டும். ஒரு சொட்டு கூடிவிட்டால் திட்டு.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அப்புறம் இதைத் துடைக்கவேண்டும். அலுத்துப்போனேன். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துத் தலைமுழுகலாம் என்றால், "அதுவும் போயிட்டா நான் வெறும் கட்டைதான், சுகிர்தம்" என்பார்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம் வந்தது. உத்தமபாளையம் தாலுகா ஆபீசில் புது அதிகாரி, காலி ரிவால்வரை இயக்கிக் காட்டச் சொல்கிறாராம். கை விளங்காதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. இந்த ரகத்தில் விசையை ஒரே இழுப்பாக இழுத்தால்தான் உருளை சுற்றி, சுத்தியல் எழும்பி அடிக்கும். நல்ல விரலுக்கே வலிக்கும். வீட்டில் இவர் இடது கையால் தாங்கிப் பிடித்து, வலது விரலால் இழுத்துப் பார்த்தார். விசை பாதியில் நின்றது. மறுபடியும் இழுத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் கண்ணயர்ந்த மத்தியானம், கைப்பிடியின் முன்பக்கம் இருக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்தினேன். உள்ளே சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங் வில்லை அழுத்திப் பிடிப்பது அதுதான். தளர்ந்தால் விசை லேசாகும். ஆனால் சுத்தியல் பலமாக அடிக்காது, தோட்டா வெடிக்காது. அதைத் தொடாதே, தொடாதே என்று சொல்லிச் சொல்லியே எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஆபீசில், "இழுங்க பாப்போம்" என்றார் அதிகாரி. நான் மனதுக்குள் ஜெபித்தேன். டக். இன்னொரு டக். உருளை அழகாகச் சுற்றியது.

"பழைய உருப்படி. நல்லாப் பராமரிச்சிருக்கீக" என்று முத்திரை குத்தினார். இவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

பஸ் அனுமந்தன்பட்டி தாண்டியதும் கேட்டார். "எத்தனை சுத்து தளர்த்துன?"

மாட்டிக்கொண்டேன். "ரெண்டு."

"இனி இது வெடிக்காது. தெரியும்ல?"

"தெரியும். கோவப்படாதீக. வீட்டுக்குப் போனதும் இறுக்கிர்றேன்."

மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி என் கைமேல் வைத்தார்.

"இறுக்காத, சுகிர்தம்" என்றார். "இப்பத்தான் என்னால இழுக்க முடியுது."