பெரிய பின்சென்ட்

மார்ஷ்கோட் பள்ளிக்குள் வந்துவிட்டால் பையன்களுக்குச் சொந்தப் பேர் கிடையாது. குடும்பப் பேர்தான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் படித்தால் பெரியவன், சின்னவன் என்று முன்னால் ஒட்டிக்கொள்ளும். பெரியவன் போன மறுநாளே சின்னவனின் ‘சின்ன’ உதிர்ந்துவிடும். ஆறு பையன்களை வைத்துக்கொண்டு தன் வீட்டிலேயே பள்ளியைத் தொடங்கிய பாதிரியார் போட்ட வழக்கம். பிறகு தலைமையாசிரியர்கள் மாறினார்கள். குதிரை லாயம் வகுப்பறையானது. இரண்டு யுத்தங்களில் செத்த பழைய மாணவர்களின் பேர் சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க ஏறியது. இது மட்டும் மாறவில்லை.

லத்தீன் வாத்தியார் ஹெஸ்கெத்தும் அங்கே படித்தவர்தான். முதல் யுத்தம் முடிகிற சமயம் விஷக்காய்ச்சல் வந்து அவருடைய அண்ணன் பள்ளி நோயறையிலேயே இறந்துபோனான். மறுநாள் சாயங்காலம் ஆஜர் எடுக்கையில் அன்றைய தலைமையாசிரியர் வெறுமனே “ஹெஸ்கெத்” என்றார். எப்போதுமே ஒருத்தன்தான் இருந்தான் என்பதுபோல. அப்போது எட்டு வயசான தம்பி, “இருக்கேன் சார்” என்றான். சொன்ன கையோடு பக்கத்தில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்த்தான். பெஞ்சு காலியாகக் கிடந்தது.

அந்த இருமல் அவரை விடவில்லை. வாத்தியாராக அங்கேயே திரும்பி வந்த பிறகும், ஆஜர் எடுக்கும்போது, அகரவரிசையில் ஹெஸ்கெத் என்ற பேர் வரவேண்டிய இடத்தில், ஹார்டிங்குக்கும் ஹூப்பருக்கும் நடுவில் வந்துவிடும். கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மேலே படிப்பார். பையன்கள் சும்மா விடுவார்களா?

“டேய் ஹூப்பர், உனக்கு முன்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான்டா. பாத்து, அவன் மடியில உக்காந்துடாதே.”

ஹூப்பரும் முதலில் சிரித்தான். அப்புறம் இடம் மாற்றித் தரச் சொல்லி நர்சம்மாவிடம் போய் நின்றான்.

பிப்ரவரியில் பெரிய பின்சென்ட்டுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அப்பா அம்மா மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் கப்பலேறி வந்து சேரும்வரை சின்னவன் பள்ளியில்தான் இருந்தாக வேண்டும். அவன் அழவில்லை. கஞ்சியைக் கிளறிவிட்டு அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

அடக்கம் முடிந்ததும் தலைமையாசிரியர் க்ரோஹர்ஸ்ட், ஹெஸ்கெத்தைக் கூப்பிட்டார். இன்றைக்கு ஆஜர் உங்கள் முறை, வழக்கப்படியே கூப்பிடுங்கள், அதுதான் பையனுக்கும் நல்லது, துக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் உடைந்துபோவான் என்றார். கெட்டவரில்லை. அவரையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். ஹெஸ்கெத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

தேநீருக்கு முன்னால் வராந்தாவில் சின்னவன் அவரை நிறுத்தினான். ஒரு காலுறை கணுக்காலில் சரிந்து கிடந்தது.

“சார், இன்னிக்கு என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“எப்படிக் கூப்பிடணும்ப்பா?”

“வெறும் பின்சென்ட் வேணாம் சார். அப்படிக் கூப்பிட்டீங்கன்னா அவன் எங்க போய் நிப்பான்?”

எங்கே வந்து நிற்பான் என்று ஹெஸ்கெத்துக்குத் தெரியும். அதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? காலுறையை இழுத்துவிடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் பையன்கள் நீளப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். க்ரோஹர்ஸ்ட் கதவோரம் கைகட்டி நின்றார். பேர்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஹார்டிங் வந்தான். இருமல் வந்தது. ஹூப்பரும் போனான். பெர்க்கின்ஸ் குரல் கொடுத்தான். ஹெஸ்கெத் கதவுப் பக்கம் பார்க்காமல் அடுத்த பேரைப் படித்தார்.

“பெரிய பின்சென்ட்.”

க்ரோஹர்ஸ்ட் தொண்டையைச் செருமினார். ஹெஸ்கெத் அடுத்த பேருக்குப் போகவில்லை. தாமதமாக ஓடிவருகிற பையனுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்.

அப்போது பெஞ்சு கிரீச்சிட்டது. சின்னவன் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டான். ஏன் என்று கேட்காமல் அவனுக்கு அடுத்தவனும் நகர்ந்தான். அதற்கடுத்தவனும் நகர்ந்தான். கடைசியில் இருந்த போல்கிங்ஹார்னுக்கு இடமில்லாமல் போனது. அவன் எழுந்து சுவரோரம் நின்றான்.

“சின்ன பின்சென்ட்.”

“இருக்கேன் சார்.”

க்ரோஹர்ஸ்ட் கட்டிய கையைத் தளர்த்தினார். போல்கிங்ஹார்ன் நின்றபடியே தன் பேருக்காகக் காத்திருந்தான்.