கற்றாழைக்குப் பாய்ந்த தண்ணீர்

பாலையாவைப் பாடையில் தூக்கிப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, அவர் மனைவி சுந்தரம்மாவை மூலையில் உட்கார வைத்தார்கள். அவள் காது மட்டும் நிலத்துப் பக்கமே இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

எரித்துவிட்டு வரும் ஆண்கள் வழியிலுள்ள பம்புசெட்டில் தலை முழுகுவது ஊர் வழக்கம். இன்று பாலையாவின் பம்புசெட்டிலேயே முழுகினார்கள். எல்லோரும் வாசலுக்கு வந்து விளக்கைக் கும்பிட்டுவிட்டுப் போயாயிற்று. கொள்ளி வைத்த கொழுந்தன் ஆதிநாராயணனை மட்டும் காணோம். மோட்டாரும் நிற்கவில்லை.

சுந்தரம்மா எழுந்து மண்வெட்டியை எடுத்தாள்.

"எங்க அண்ணி போற? நீ இன்னிக்கி வாசப்படி தாண்டக்கூடாது" என்று நாத்தனார் பிரமிளா கையைப் பிடித்தாள்.

"செடி அழுகிப் பூடும்டி, வுடு."

சும்மாவா வந்தது அந்தச் செடி? மேட்டு நிலத்தில் பாலையா சோற்றுக்கற்றாழை வைத்தபோது, வேலியில் தானாக முளைப்பதை எவனாவது நடுவானா என்று ஊரே சிரித்தது. ரேணிகுண்டாவிலிருந்து கம்பெனி லாரி வந்து மடல்களை ஏற்றிப் போன பிறகுதான் சிரிப்பு அடங்கியது. "இது நெல்லு இல்ல சுந்தரம். அறுத்த வாய் காயறவரைக்கும் சொட்டுத் தண்ணி ஆகாது" என்பார். நேற்றுக் காலையில்தான் இருவரும் அறுத்து லாரி ஏற்றினார்கள். சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. இனி அவளுக்கென்று இருப்பது இந்த நிலம் ஒன்றுதான்.

அவள் கையை உதறிக்கொண்டு நிலத்துக்கு வந்தபோது, ஆதிநாராயணன் ஈர வேட்டியோடு வரப்பில் நின்றிருந்தான். நெல்லைத் தவிர வேறு பயிர் அறியாதவன். மடை திறந்து கிடந்தது.

"நீ ஏன் வந்த அண்ணி? அண்ணன் போன அன்னிக்கி அவரு வெச்ச பயிரு வாடக்கூடாதுன்னு நான்தான் தண்ணி வுட்டேன். பாரு, வெயில்ல செவந்து கீது."

அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது. சுந்தரம்மாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபத்தையே எடுத்துக்கொண்டாள்.

"உன் பாசத்துல இடி விழ! நேத்து அறுத்த செடி, ஆதி! வேர் அழுகுனா அவரு இன்னொரு தபா வந்து நடுவாரா? ஓடு, மோட்டார நிறுத்து!"

அவன் ஓடினான். அவள் சேலையை இழுத்துச் செருகி, மடையை அடைத்து, பள்ளத்துப் பக்கம் வரப்பை வெட்டினாள். அழுதாலும் அவள்தானே பிள்ளை பெற வேண்டும்! தண்ணீர் தரிசுக்குத் திரும்பியது. திரும்பி வந்த ஆதிநாராயணன் மண்வெட்டிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீ கையால அந்தாண்ட மண்ண இழு."

இழுத்தான். முதல் இரண்டு வரிசையோடு போயிற்று, மற்றதெல்லாம் தப்பித்தது.

"இனிமே எப்ப தண்ணி வுடறது அண்ணி?" என்று தலை குனிந்தபடி கேட்டான்.

"நான் சொல்றேன்."

மண்வெட்டியை ஊன்றிக் குனிந்து, செடியில் மடல் அறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். இன்னும் பிசுபிசுத்தது.