பார்வையாளர்

பயிற்சி மருத்துவர்கள் வாரத்துக்கு ஐம்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் நிபந்தனை. எல்லோருக்கும் அல்ல, பாதிப் பேருக்கு. மீதிப் பேர் பழையபடி கால் தாங்குகிறவரை நிற்கலாம். இரண்டு வருடம் கழித்து எந்தக் குழு லேப்ராஸ்கோப்பியை நன்றாகக் கற்றது, எந்தக் குழுவின் கையில் நோயாளிகள் அதிகம் கெட்டார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

அவள் ஐம்பத்தாறு மணிக் குழுவில் இருந்தாள். மூன்றாம் வருடப் பயிற்சி. எப்போது கூப்பிட்டாலும் விழித்திருப்பாள் என்பதால் அறுவை அரங்கில் அவளுக்கு ஆந்தை என்று பெயர்.

குழு பிரித்த முதல் வாரமே ஆள் போதவில்லை. ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியரே வழியும் சொன்னார்.

"கத்தி பிடிச்சா வேலை. கேமரா பிடிக்கிறதுல என்ன வேலை இருக்கு? பாக்கிறதுதானே. பார்வையாளர்னு எழுதிக்கோ."

வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் கேமரா பிடிப்பவர்தான் அறுப்பவருக்குக் கண். பேராசிரியருக்கும் அது தெரியும். ஆனால் ஆராய்ச்சிக்காக அவர்கள் நிரப்பும் படிவத்தில் 'பார்வையாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதிய நேரம் வேலையில் சேராது. அடுத்த கட்டம் 'ஓய்வு'. அதில் எல்லோரும் பத்து மணி நேரம் என்று எழுதினார்கள். அதற்கடுத்த கட்டம் 'ஓய்வெடுத்த இடம்'. அதில் எல்லோரும் வீடு என்று எழுதினார்கள்.

"ஐம்பத்தாறு மணி நேரம்தானேடி வேலை? மீதி நேரம் எங்கே போய்த் தொலையறே?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"படம் பாக்கிறேன்மா."

அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

தையல்காரம்மா பித்தப்பைக் கல்லோடு வந்தவர். அறுவைக்கு முந்தின நாள் எத்தனை ஓட்டை போடுவீர்கள் என்று விசாரித்தார்.

"நாலும்மா."

"காஜா போடற மாதிரியா? பட்டனையும் நீயே தச்சு விட்டுடு கண்ணு."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அறுவை. அவள் முந்தின நாள் காலை ஆறு மணியிலிருந்து விழித்திருந்தாள். லேப்ராஸ்கோப்பிக்கு அரங்கின் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். திரை மட்டும் எரியும். இருட்டு, ஏசிக் குளிர், ஒரே சுருதியில் மானிட்டர். பித்தப்பையிலிருந்து வரும் சின்னக் குழாயைக் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய குழாயைத் தொடவே கூடாது.

"ஆந்தை, படம் சாயுது," என்றார் பேராசிரியர்.

அவள் நிமிர்த்தினாள். அவர் மறுபடி ஏதோ சொன்னார். அது அவள் காதில் விழவில்லை. அவருக்கு அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார். படம் நேராகும்வரை அவர் நிற்கவில்லை.

அவள் கண்ணில் மறுபடி திரை தெரிந்தபோது கிளிப்புகள் உட்கார்ந்திருந்தன. குழாய் வெட்டுப்பட்டிருந்தது.

நான்காம் நாள் தையல்காரம்மாவின் கண்கள் மஞ்சளாயின. ஸ்கேனில் தெரிந்தது: வெட்டுப்பட்டது பெரிய குழாய்.

அரங்கின் நர்ஸ் மதியம் அவளை அழைத்து, கதவைச் சாத்திவிட்டு அறுவையின் வீடியோப் பதிவை ஓடவிட்டார். திரையில் கல்லீரல் மெல்லச் சாய்ந்தது. பக்கவாட்டில் கிடந்த குழாய் மேலே ஏறி, சின்னக் குழாய் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. கிளிப் வந்தது. கத்தரி வந்தது. படம் வெடுக்கென்று நிமிர்ந்தது.

"பதினொரு வினாடி," என்றார் நர்ஸ். "மூணு தடவை எண்ணிட்டேன் டாக்டரம்மா."

பேராசிரியர் தன் அறையில் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"ஓய்வெடுத்த குழுவுல ஒரு கேஸ் கெட்டிருக்குன்னு பதிஞ்சாச்சு. நீ கையெழுத்து போட்டா போதும்."

"சார், நான் தூங்கவே இல்ல சார்."

"தூங்கினியே. பத்து மணி நேரம். உன் எழுத்துதானே இது?" அவர் குரலைத் தணித்தார். "யோசிச்சுப் பாரு. நல்லாத் தூங்கி வந்தவங்க கையிலயும் இப்படி ஆகுதுன்னா, இந்த மணிக்கணக்குக் கூத்தையே நிறுத்திடுவாங்க. உனக்கும் நிறைய கேஸ் கிடைக்கும்."

"மாத்தி எழுதினா?"

"இதுவரைக்கும் நீ போட்ட நாப்பது கையெழுத்தும் பொய்னு ஆயிடும். மூணு வருஷப் பயிற்சி போச்சு. சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடு."

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். தையல்காரம்மாவை வேறு பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தார்கள். விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. அதன் முனையில் கட்டியிருந்த பையில் பச்சைப் பித்தநீர் சேர்ந்திருந்தது.

"வந்துட்டியா கண்ணு. என் உடம்பு வாகே கோணலாம். பெரிய டாக்டர் சொன்னாரு. உள்ளே எல்லாம் இடம் மாறிக் கிடந்துச்சாம். அவரு என்ன பண்ணுவாரு பாவம்."

"உங்க உடம்புல ஒரு கோணலும் இல்லம்மா."

"பின்னே?"

"நான் தூங்கிட்டேன்."

"எப்போ?"

"உங்களை அறுத்தப்போ. கேமரா என் கையிலதான் இருந்துச்சு. படம் சாஞ்சு போச்சு. அவரு நிக்காம வெட்டிட்டாரு."

தையல்காரம்மா அவள் விரல்களைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் தூங்கினே?"

"பதினொரு வினாடி."

அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏழுக்கு அருகில் ஒருமுறை மூச்சு முட்டி நின்று, மறுபடி தொடர்ந்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"அவ்வளவு நேரமா?" என்றார்.

சுவர் பக்கம் திரும்ப முயன்றார். குழாய் இழுத்தது. அவள் பிடிக்கப் போனாள்.

"தொடாதே."

மாடிப்படியில் உட்கார்ந்து படிவத்தை முழங்காலில் விரித்தாள். 'பார்வையாளர்' கட்டத்தில் இருந்ததை அடித்து, இருபத்தொன்பது மணி நேரத்தையும் வேலைக் கட்டத்தில் எழுதினாள். 'ஓய்வு' கட்டத்தில் பத்து மணி நேரத்தை அடித்தாள். மேலே எழுதினாள்: பதினொரு வினாடி.

'ஓய்வெடுத்த இடம்' கட்டத்தில் வீடு என்றிருந்தது. அதையும் அடித்தாள். மூன்றாம் அறுவை அரங்கு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.