மூன்று முத்திரை

மூன்று சுகாதார நிலையங்களும் இனி ஒரே குடும்பம் என்று இயக்குநர் அறிவித்தார். குடும்பம் நடத்திப் பார்த்தவர் பேச்சாக அது தெரியவில்லை. சுவரில் வரைபடத்தை மாட்டி, மூன்று புள்ளி வைத்து, மூன்று கோடு இழுத்தார். ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்வது வீணாம். அதனால் மருந்து மாத்திரை எங்கள் நிலையத்தில், ரத்தப் பரிசோதனை இரண்டாவதில், புண்ணுக்குக் கட்டுப் போடுவது மூன்றாவதில். புள்ளிக்குப் புள்ளி எட்டே கிலோமீட்டர் என்று ஸ்கேல் வைத்துக் காட்டினார். நடுவில் ஏரி இருக்கிறது. அவர் அளந்த வழி மீனுக்குத்தான் சரிப்படும். மனிதர்கள் டவுனுக்குப் போய் இன்னொரு பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து நடந்துதான் போக வேண்டும்.

இது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒப்புதல் கேட்டபோது எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நானும்தான் தூக்கினேன். பதினாறு வருஷமாகச் சீழ் துடைத்துக் கட்டுப் போட்ட நர்ஸ் நான். விட்டது சனியன் என்றிருந்தது எனக்கு.

அடுத்த மாதமே அண்ணி வந்து நின்றார். அண்ணன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். வலது காலில் செருப்புக் கடித்திருந்தது. சர்க்கரைக்காரர் ஆனதால் வலி தெரியவில்லை. மெஷினின் மிதிகட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம்.

"நீயே கட்டிவிடேன்," என்றார்.

"அது இப்ப எங்க வேலை இல்ல அண்ணி," என்றேன்.

பஞ்சும் கட்டுத்துணியும் மூன்றாவது நிலையத்துக்குப் போய்விட்டது உண்மைதான். தையல்காரி வீட்டில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? சாயங்காலம் அடுத்த வீட்டிலேயே இருக்கிற அண்ணியிடம் போய் பத்து நிமிஷத்தில் கட்டியிருக்கலாம். மேலிடத்துக்குத் தெரிந்தால் வம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனத்துக்கு விதிமுறை என்று பெயர் வைத்தால் எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

சீட்டு எழுதிக் கொடுத்தேன். சர்க்கரைக்காரர் என்றால் ரத்த ரிப்போர்ட் இல்லாமல் கட்டுப் போடக்கூடாது என்பது புது விதி. இரண்டாவது நிலையத்தில் ஒன்பது மணிக்கு மேல் ரத்தம் எடுக்க மாட்டார்கள். அண்ணியின் பஸ் போய்ச் சேர்ந்ததே ஒன்பதரைக்கு. மறுநாள் விடியலில் கிளம்பிப் போனார். ரிப்போர்ட்டுக்கு அதற்கும் மறுநாள். அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாவதுக்குப் போனால், கட்டுப் போடும் அம்மாள் பயிற்சிக்குப் போயிருந்தாள். என்ன பயிற்சி? நிலையங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைப்பது எப்படி என்கிற பயிற்சி. அடுத்த வாரம் போனபோது, ரிப்போர்ட் ஏழு நாளைத் தாண்டிவிட்டது, புதிதாக எடுத்து வா என்றார்கள். என்னிடம் வந்தார். நான் இன்னொரு சீட்டு எழுதினேன்.

புண் ஆறுவதற்காக நடந்தார். நடந்ததால் புண் ஆறவில்லை. மூன்று வாரம் கழித்துக் கட்டுப் போடக் காலை நீட்டியபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது மெஷின் மூலையில் கிடக்கிறது.

வருஷக் கடைசியில் இயக்குநர், நிலையத்துக்கு நிலையம் முத்திரை குத்தும் நோயாளிகளின் கார்டுகளைப் புரட்டினார். மூன்று நிலைய முத்திரையும் விழுந்தது ஒரே ஒரு கார்டில்தான். திட்டத்தை முழுசாகப் பயன்படுத்திக்கொண்ட ஒரே ஆளை மேடையேற்றியே தீரவேண்டும் என்று குதித்தார். கூப்பிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணி மறுத்துவிடுவார், நாலு வார்த்தை திட்டியாவது தீர்ப்பார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சரி வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். யார் உங்களுக்கு ரொம்ப உதவியாக இருந்தது என்று இயக்குநர் மைக்கை நீட்டினார்.

"என் நாத்தனார்," என்றார் அண்ணி. "பக்கத்து வீடுதான். கட்டுப் போடுறதுல கெட்டிக்காரி. அவதான் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தா."

மண்டபமே கைதட்டியது. இயக்குநர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றேன். ஊன்றுகோலை மடியில் வைத்துவிட்டு அண்ணியும் தட்டினார்.