தூசி இல்லை

மகள் என் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் போனில் படம் பிடித்தாள். "தள்ளுங்கப்பா, உங்க நிழல் விழுது" என்றாள். என் நெஞ்சே அங்கே தொங்குகிறது, அதற்கு நான் இடைஞ்சலாகிவிட்டேன்.

படத்தைப் பார்த்துச் சொல்லும்படி அவளைக் கேட்டது நான்தான். மறுநாள் காலை மருத்துவக் குழு என்னைப் பார்க்கப்போகிறது. கல் அறுக்கும் பட்டறையில் தின்ற தூசிதான் இந்த இருமல் என்று அவர்கள் எழுதினால், பட்டறைக்காரர்கள் என்னைச் சாகும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய சளி என்று எழுதினால் அதோடு சரி. மகளுக்கு வேலையே தூசி பார்ப்பதுதான். எங்கேயோ இருக்கிற நட்சத்திரக் கூட்டங்களைத் தொலைநோக்கி படம் எடுத்து அனுப்பும். வெளிச்சம் எங்கே மங்குகிறது, எங்கே சிவக்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு தூசி என்று அவள் எழுதிய புரோகிராம் தானாகவே சொல்லிவிடும். பட்டறையில் மதியத்துக்கு மேல் தூசி மண்டி, பல்பு பழுத்துத் தெரியும். அதனால் இது எனக்கு ஓரளவு பிடிபட்டது.

"அவ்ளோ தூரத்துத் தூசிய சொல்றது, பக்கத்துல இருக்கறத சொல்லாதா?"

"அதுக்கு நெஞ்சு தெரியாதுப்பா. சட்டியப் படம் புடிச்சுக் குடுத்தாலும் நட்சத்திரக் கூட்டம்னுதான் நினைக்கும். தெரியலன்னு சொல்ல அதுக்கு வராது."

"எங்க மேஸ்திரி மாதிரின்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே படத்தைப் புரோகிராமில் போட்டாள். திரையில் ஏதோ வந்தது. நாற்பது வயதுக்கு மேல் அவளுடைய பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து நான் கற்ற எழுத்து, எனக்கு வேகம் வராது. அவளே வாசித்தாள்: "ரெண்டு கூட்டம், பக்கத்துல பக்கத்துல. தூசி இல்லைன்னே சொல்லலாம். புதுசாப் பொறந்த நட்சத்திரம் ஏராளம்."

"இந்த வயசுலயா? உங்கம்மா காதுல போட்டுடாத."

சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடங்கியபின் ஜன்னலருகே போய், படத்திலிருந்த வெள்ளைப் புள்ளிகளை உற்றுப் பார்த்தாள்.

"எக்ஸ்ரேல எல்லாம் தலைகீழுப்பா. தூசி வெள்ளையா விழும். வெள்ளைன்னா அதுக்கு நட்சத்திரம்."

கறுப்பை வெள்ளையாக்கி, வெள்ளையைக் கறுப்பாக்கி மறுபடி போட்டாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் எழுத்தைக் கூட்டுவதற்குள் கம்ப்யூட்டரை மூடிவிட்டாள்.

"என்ன போட்டிருக்கு?"

"அது கெடக்கு. அதுக்கு நெஞ்சு தெரியாதுப்பா." இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

காலையில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் படத்தை உறையிலிருந்து பாதி உருவி, மறுபடி உள்ளே தள்ளினார்.

"சிகரெட் உண்டா?"

"எப்பவும் இல்லீங்க."

மகள் முன்னால் வந்தாள். "சார், ஒரு தடவ வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. அந்தப் புள்ளியெல்லாம் தூசி சார்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். நட்சத்திரக் கூட்டத்துல தூசி எவ்ளோன்னு பாக்கற வேலை."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, காலையில் முதல்முதலாகச் சிரிக்கிற மாதிரி. "சரிம்மா, மேல இருக்கறத நீங்க பாருங்க. கீழ இருக்கறத நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் நடுவில் இருந்தவர். எழுதியதை வாய்விட்டும் சொன்னார்: "பழைய சளி. தூசி இல்லை."

தெருவுக்கு வந்ததும் மகள் நடுவழியில் நின்று, படத்தை உருவி இரண்டு கையாலும் சூரியனுக்கு நேரே பிடித்தாள். வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின.

"வா அம்மாடி, எல்லாரும் பாக்கறாங்க."

அவள் வரவில்லை. படத்தின் வழியாக வெயில் அவள் முகத்தில் விழுந்தது. என் நுரையீரல் அவள் கன்னங்களில் இருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டு முழுக்கப் பொடிப்பொடியாக வெளிச்சம். காற்றில் படம் அசைய அசைய, அது அவள் முகமெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது.