கடைசி வரிசைக் குழாய்கள்

என் வீட்டுக்காரர் தேவாலயங்களில் குழாய் ஆர்கன் வாத்தியம் பழுதுபார்ப்பவர். சுருதி சேர்க்கும்போது அவர் குழாய்களுக்கு நடுவே ஏணியில் நிற்பார். நான் கீழே உட்கார்ந்து, வாசிக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பிடிப்பேன். சுருதி சேர்ந்ததும் அவர் "அடுத்தது" என்பார். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

இரண்டு வருஷமாக அவருக்கு மேல் சுருதி காதில் விழுவதில்லை. வாசல் மணியே கேட்காத மனுஷன், பென்சில் பருமன் குழாயின் கீச்சொலிக்கு என்ன செய்வார்? சொன்னால் வீடு ரெண்டாகிவிடும். அதனால் சேர்ந்த நொடியில் நானே கட்டையை விட்டுவிட்டு, "சேர்ந்துடுச்சுங்க, அடுத்ததுக்குப் போறேன்" என்பேன். "ஏன், எனக்குத் தெரியாதா?" என்பார்.

இந்தத் தேவாலயத்தில் ஐந்து மாத வேலை. துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டினோம். எண்ணூறு குழாய்களையும் கழற்றிக் கழுவி மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வேறு மூன்று தேவாலயத்தார் கேட்க வருகிறார்கள். பிடித்துவிட்டால் அவர்கள் வேலையும் இவருக்குத்தான். சின்னக் குழாய்களின் கடைசி வரிசை மட்டும் பாக்கி இருந்தபோது ஃபாதர் வந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தே செய்றீங்களா?"

"அட, இவ சும்மா ஃபாதர். கட்டையை அமுக்க ஆள் வேணும்ல? ஒரு செங்கல்லைத் தூக்கி வச்சாலும் போதும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செங்கல்லா? சரி, செங்கல்லாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஃபாதர் போனதும் கட்டையை அமுக்கினேன். வாயைத் திறக்கவில்லை. மேலே டொக் டொக்கென்று தட்டினார், நிறுத்தினார், காத்திருந்தார். குழாய் பூனைக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"என்னடி, தூங்கிட்டியா?"

"நீங்க சொல்லுங்க. நான் அமுக்குறேன்."

இன்னும் ரெண்டு தட்டு தட்டினார். பிறகு, இறங்கிய குரலில், "அடுத்தது" என்றார். அறுபத்தொரு குழாய்க்கும் அப்படியேதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. இரண்டாம் அடியில் வாசிப்பவர் கடைசி வரிசைக் குழாய்களைத் திறக்கும் குமிழை இழுத்தார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. மற்றத் தேவாலயங்களிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர் என் பக்கம் குனிந்து, "கேட்டியா, எப்படிக் கணீர்னு இருக்கு!" என்றார்.

பாவி, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

வாசிப்பை நிறுத்தச் சொல்லி ஃபாதர் கையை உயர்த்தி, எங்களைத் திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறார் என்று நினைத்து, இவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்த முகமாக எழுந்து நின்றார்.