சதுரத்துக்குள் ஒரு படகு

ஓலசுன் ஊர் மீன்பிடிக் கூட்டமைப்பு தன் படகுகளின் விவரங்களையெல்லாம் கிளவுடில் இருக்கும் டேட்டா ஏரி என்ற பெரிய தகவல் கிடங்கில் கொட்டி வைத்திருந்தது. கடலை ஏரிக்குள் அடைத்த புத்திசாலிகள். அதில் யார் எதைப் பார்க்கலாம் என்று வரிவரியாக, கட்டம் கட்டமாக அனுமதி கொடுப்பது தூருனின் வேலை. வலை வீசும் இடத்தைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்லாதவர்கள் அந்தப் படகுத் தலைவர்கள். அதனால் படகு நிற்கும் சரியான இடம் உரியவர்களுக்கு மட்டுமே புள்ளியாகத் தெரியும். மற்றவர்களுக்கு வரைபடத்தில் ஒரு பெரிய சதுரம்தான். அந்த விதியை எழுதியவளே தூருன்தான்.

ஆனால் ஹாவ்தர்னா என்ற படகு மட்டும் அவளுக்குப் புள்ளியாகத் தெரிந்தது. அவள் முன்பு வேலை பார்த்த அலுவலகப் பிரிவில் கிடைத்த அனுமதி. பிரிவு மாறியபோது யாரும் பிடுங்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. அதன் தலைவன் எய்வின்ட் ஒரு காலத்தில் அவளோடு வாழ்ந்தவன். சண்டை போட்டுப் பிரிந்த பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் காலையில் காபிக்கு முன்னால் அந்தப் புள்ளியைப் பார்த்தாக வேண்டும். பார்க்காத நாளில் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. அப்படி ஒரு ஏக்கம்.

வெள்ளிக்கிழமை. அலுவலகமெங்கும் வாஃபிள் சுடும் மணம். அனுமதிகளைச் சரிபார்க்கும் நாளும் அதுதான். தன் அனுமதியைத் தானே உறுதி செய்யக்கூடாது என்பதால் தூருனுடையது பக்கத்து மேசை ரான்டியின் கைக்குப் போயிற்று.

பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளோடு ரான்டி வந்து நின்றாள்.

"ஏன்டி, ஊர்ல இத்தன படகு இருக்கு. உனக்கு இந்த ஒண்ணு மட்டும் எதுக்கு?"

"பழசு. அப்படியே விட்டுப்போச்சு."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்னத்த எழுத? மனசு கேக்கலன்னு எழுதவா?"

தூருன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரான்டி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏதாச்சும் சொல்லுடி. கண்ண மூடிக்கிட்டு ஓகே பண்ணிடறேன்."

"வேணாம். வேற யாராவது கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேன். எடுத்துடு."

ரான்டி எடுத்துவிட்டாள். வாஃபிளில் பாதியைப் பிய்த்துத் தூருன் மேசையில் வைத்தாள்.

தூருன் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். புள்ளி போய்ச் சதுரம் வந்திருந்தது. அதற்குள் கடல் இருந்தது, தீவுகள் இருந்தன, ஓலசுன் படகுத்துறையும் இருந்தது. அவன் எங்கோ தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கலாம். இந்தச் சன்னலுக்குக் கீழேயே படகைக் கயிற்றில் கட்டிக்கொண்டும் இருக்கலாம். புள்ளி தெரிந்த காலத்தில் அவன் எத்தனையோ தடவை கரைக்கு வந்து போனான். வந்ததும் அவளுக்குத் தெரியும், போனதும் தெரியும். ஒரு தடவைகூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"படகுத்துறைக்கு. இருக்கானான்னு பாத்துட்டு வரேன்."

"இல்லேன்னா?"

"நாளைக்கும் போவேன்."